ஐந்நூறு டாலரும் ஒரு மௌனமும்



இந்தப் பேச்சின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "குவேக்கர் என்றால் அந்த ஓட்ஸ் டப்பாவில் தொப்பி வைத்துக்கொண்டு சிரிப்பாரே, அவரா?" என்று கேட்டார். அவரில்லை. குவேக்கர்கள் என்ற கிறித்தவச் சமயப் பிரிவினர் வியாபாரத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பெயர் அமெரிக்காவில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு நிறுவனம் அந்த நற்பெயரைத் தன் சரக்குக்கு எடுத்துக்கொண்டது. சமயத்துக்கும் அந்த டப்பாவுக்கும் அவ்வளவுதான் உறவு. இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேருடைய சந்தேகம் தீர்ந்துவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இனி ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1862 அக்டோபர் 11. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு, அன்று ஒரு விலக்குச் சட்டம் இயற்றியது. கட்டாயப் படைச் சேர்ப்பிலிருந்து யார் யாருக்கு விலக்கு என்பது அதன் பொருள். இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள தோட்டத்தில், அவர்களை அடக்கிவைக்க வெள்ளையர் ஒருவர் படைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கலாம். இது ஒரு விலக்கு. குவேக்கர், மென்னோனைட், டங்கர், நசரேனர் ஆகிய சபைகளில் அன்றைய தேதியில் உறுப்பினராக இருப்பவர், போர் செய்வது தன் சமயத்துக்கு விரோதம் என்றால், 500 டாலர் கட்டியோ மாற்றாள் கொடுத்தோ விலகிக்கொள்ளலாம். இது இன்னொன்று. அடிமை வைத்திருப்பவனுக்கும், அடிமை வைப்பது பாவம் என்று சொன்னவனுக்கும் ஒரே சட்டத்தில் விலக்கு. தோட்டக்காரனிடம் அப்போது காசு எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சட்டம் வந்த சமயத்தில் வட கரோலினா மாநிலத்துக் குவேக்கர்கள் தங்கள் ஆண்டுக் கூடுகையில் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் பேச்சு.

கூடுகை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அவர்கள் கோயில் என்றோ தேவாலயம் என்றோ சொல்வதில்லை. கட்டடத்துக்குக் 'கூடுகை வீடு' என்று பெயர். கோபுரம் கிடையாது, சிலுவை கிடையாது, பீடம் கிடையாது. அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சம்பளப் பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். குவேக்கர், அதாவது நடுங்குகிறவர் என்பது ஊரார் கேலியாக வைத்த பெயர். அவர்களே ஓர் உள்நாட்டுப் போரின் பிள்ளைகள்தாம். 1640களில் இங்கிலாந்து மன்னரும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்ட போரின் புழுதியிலிருந்து, 1650களில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி எழுந்த இயக்கம் அது. தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர் நாடாளுமன்றப் படையில் இருந்தவர். துப்பாக்கிப் புகையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உள்ளே இருந்த இயக்கம், 1661இல் மன்னருக்கு ஓர் அறிக்கை கொடுத்தது: எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை.

நமக்கு அவர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். 1928இல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்து, பின்னாளில் கோத்தகிரியில் குடியிருந்த மார்ஜரி சைக்ஸ் அவர்களில் ஒருவர். காந்தியோடும் தாகூரோடும் பணி செய்தவர். இந்தியாவில் இருந்தபோதுதான் அவர் குவேக்கர் ஆனார்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நடந்துபோகும் தூரத்தில் ஒரு கூடுகை வீடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். இருபது பேர் இருக்கும். நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. யாரும் எதையும் தொடங்கிவைக்கவில்லை. உட்கார்ந்தார்கள், அதுதான் தொடக்கம். பத்து நிமிஷம் கழித்து எனக்குச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவருக்கு வயிறு கடகடவென்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரைமணி போனபின் ஒரு கிழவியார் எழுந்து, தம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது என்றும், இந்த வாரம் கதவைத் தட்டப் போவதாகவும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆமென் இல்லை, கைதட்டல் இல்லை. மறுபடி மௌனம். ஒரு மணி ஆனதும் முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். வழிபாடு முடிந்தது.

'சும்மா இருத்தல்' என்று நம்மிடம் ஒரு பெரிய மரபே இருப்பதால் இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நம்முடைய சும்மா இருத்தல் பெரும்பாலும் ஒற்றை ஆளுடைய சாதனை. குகையிலோ திண்ணையிலோ தனியாக இருப்பது. இவர்களுடையது சேர்ந்து காத்திருப்பது. பக்கத்தில் இருப்பவரின் வாயிலிருந்து எனக்கான சொல் வரலாம் என்று காத்திருப்பது. அப்படியானால் பக்கத்தில் இருப்பவர் வந்தாக வேண்டும். இந்த அற்பமான நிபந்தனைதான் போர்க்காலத்தில் பெரிதாகிவிடுகிறது.

அவர்கள் நிர்வாகம் செய்வதும் இதே முறையில்தான். ஒரு வட்டாரத்துக்கு மாதம் ஒருமுறை மாதக் கூடுகை, சில மாதக் கூடுகைகள் சேர்ந்து காலாண்டுக் கூடுகை, மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக் கூடுகை. எதிலும் ஓட்டெடுப்பு கிடையாது. எழுத்தர் என்று ஒருவர் மேசையருகில் இருப்பார். பேசுகிறவர்கள் பேசி முடித்த பின், அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவர் உணர்ந்து, அங்கேயே ஒரு குறிப்பு எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டால் அது பதிவாகும். ஒத்துவராவிட்டால் அடுத்த கூடுகைக்குத் தள்ளிப்போகும். ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்ற கணக்கே இல்லை. இந்த முறையில் எரிச்சல் வரும் என்று குவேக்கர்களே ஒத்துக்கொள்வார்கள். அடிமை வைத்திருப்பது தவறு என்று முழு மனதாக எழுதிவைக்க அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் சில வினாக்கள் வாசிக்கப்படும். ஒவ்வொரு மாதக் கூடுகையும் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். கூடுகைக்கு எல்லோரும் ஒழுங்காக வருகிறார்களா, வருகிறவர்கள் தூங்காமல் இருக்கிறார்களா என்பது முதல் வினாவிலேயே வரும். ஒரு மணி நேர மௌனத்தில் தூக்கம் ஒரு நிஜமான பிரச்சினை! அதோடு கட்டுப்பாடும் கடுமை. சபைக்கு வெளியே கல்யாணம் செய்தால் விலக்கு. படையில் சேர்ந்தால் விலக்கு. நம் கிராமங்களில் இருந்த ஊர்விலக்கு மாதிரி தண்ணீரும் நெருப்பும் மறுப்பதில்லை, கூடுகைக்கு வந்து உட்காரவும் தடையில்லை. ஆனால் பேரேட்டில் பெயர் இருக்காது. இந்தக் கடுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வட கரோலினாவின் நடுப்பகுதியில், கில்ஃபோர்ட் மாவட்டத்தில், நியூ கார்டன் என்று ஓர் ஊர். செம்மண், ஓக் மரங்கள், சிறு பண்ணைகள். 1754 முதல் அங்கே மாதக் கூடுகை நடந்துவந்தது. போர் இந்த ஊருக்குப் புதிதல்ல. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1781 மார்ச் 15 அன்று, கூடுகை வீட்டைச் சுற்றி விடியற்காலையில் தொடங்கிய சண்டை, சில மைல் தள்ளிக் கில்ஃபோர்ட் நீதிமன்ற வளாகத்தில் பெரும் போராக முடிந்தது. பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். ஆமாம், பத்து வருஷம் கழித்துத் திப்புவை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டினம் வரை வந்தாரே, அவரேதான். எதிர்த் தரப்புத் தளபதி நத்தானியேல் கிரீன், குவேக்கர் வீட்டுப் பிள்ளை. சபையிலிருந்து முன்பே விலக்கப்பட்டவர். போர் முடிந்ததும் அந்த மனிதர் நியூ கார்டன் குவேக்கர்களுக்கே கடிதம் எழுதினார், காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொள்ளும்படி. இரு தரப்புக் காயக்காரர்களும் அவர்கள் பொறுப்பில் வந்தார்கள். ஆகவே 1861இல் போர் மறுபடி வந்தபோது, தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட கதையாக அது ஊரில் இருந்தது.

அடிமைப் பிரச்சினையில் இவர்கள் கதை நேர்கோடு அல்ல. 18ஆம் நூற்றாண்டில் இவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1770களில் கூடாது என்று முடிவெடுத்து விடுவிக்கத் தொடங்கினார்கள். மாநிலச் சட்டம் குறுக்கே வந்தது. அனுமதியின்றி விடுவிக்கப்பட்டவர்களைப் பிடித்து மறுபடி விற்கலாம் என்றது சட்டம். அதனால் 1808இல் ஒரு விசித்திரமான வழி கண்டார்கள். தனியார் தங்கள் அடிமைகளைக் கூடுகையின் பெயருக்கு மாற்றினார்கள். சட்டத்தின் கண்ணில் ஆண்டுக் கூடுகையே நூற்றுக்கணக்கானோருக்கு எஜமான் ஆயிற்று. நடைமுறையில் அவர்கள் தம் உழைப்பில் வாழ்ந்தார்கள், வாய்ப்புக் கிடைத்தபோது சுதந்திர மாநிலங்களுக்கும் ஹெய்ட்டிக்கும் லைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனாலும் போர் கூடாது என்று சொன்ன ஒரு சபையின் கணக்குப் புத்தகத்தில் மனிதர்களின் பெயர்கள் சொத்து வரிசையில் இருந்தன. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அவர்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கறுப்பின மக்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்வதிலும் அன்றைய குவேக்கர்கள் கை தயங்கியது.

நியூ கார்டனில் 1798இல் பிறந்த லெவை காஃபின் தம் உறவினரோடு சேர்ந்து அடிமைப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு பள்ளி நடத்தப் பார்த்தார். எஜமானர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் இந்தியானாவுக்குக் குடிபோய், தப்பி வரும் அடிமைகளுக்கு வழித்துணையாக இருந்து பெரும்பெயர் பெற்றது தனிக் கதை. அவரைப் போலவே ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் தெற்கை விட்டு ஒஹாயோவுக்கும் இந்தியானாவுக்கும் போய்விட்டார்கள். போர் வந்தபோது வட கரோலினாவில் இருந்தவர்கள் மிச்சம் இருந்தவர்கள்.

அந்த மிச்சமும் கிளம்பத் தயாராக இருந்தது. நியூ கார்டனில் குவேக்கர்களின் உறைவிடப் பள்ளி ஒன்று 1837 முதல் இருந்தது, இன்றைய கில்ஃபோர்ட் கல்லூரியின் தாய். அங்கே ஆசிரியராக இருந்த நீரியஸ் மெண்டன்ஹால் 1861இல் குடும்பத்தோடு வடமேற்கே போக எல்லாம் கட்டி வைத்துவிட்டார். பயணப் பெட்டிகள் ரயிலுக்குத் தயார். புறப்படும் நேரத்தில் மனம் மாறித் தங்கிவிட்டார் என்று அந்தப் பள்ளியின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பெட்டிகள் அவிழ்க்கப்பட்டன. போர் நடந்த நான்காண்டும் பள்ளி மூடப்படவில்லை.

1862 ஏப்ரலில் 18 முதல் 35 வயதுவரை கட்டாயப் படைச் சேர்ப்பு. மாநில அரசு முதலில் குவேக்கர்கள் 100 டாலர் கட்டினால் போதும், முடியாதவர் உப்பளத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்யட்டும் என்றது. உப்பு அன்று சாதாரணச் சரக்கல்ல. வடக்கின் கப்பற்படை கரையை அடைத்துவிட்டது, இறைச்சியைப் பதப்படுத்த உப்பில்லை, படைக்குச் சோறில்லை. ஆக, உப்புக் காய்ச்சுவதும் போர் வேலைதானே என்ற கேள்வி எழுந்தது. சிலர் போனார்கள், சிலர் மாட்டோம் என்றார்கள். அதற்குள் அக்டோபர் வந்து, 500 டாலர் சட்டமும் வந்தது.

அந்த ஆண்டு நியூ கார்டனில் நடந்த ஆண்டுக் கூடுகையைக் கண்ணால் பார்த்துக்கொள்ள முயல்வோம். ஒரே பெரிய கூடம், நடுவே மரத் தடுப்பு. வழிபாட்டின்போது திறந்திருக்கும், நிர்வாகம் பேசும்போது பலகையை மூடிவிடுவார்கள். ஒரு பக்கம் ஆண்கள், தொப்பியைக் கழற்றாமல். மறுபக்கம் பெண்கள், தங்களுக்கென்று தனி எழுத்தர், தனிக் குறிப்பேடு. பெஞ்சுகளில் 18 வயதுக்காரர்களும் அவர்களுடைய தகப்பன்மாரும். வெளியே நாட்டில் கட்டாயச் சேர்ப்பு அலுவலர்கள். கூடுகைக்கு முன் இருந்த கேள்வி சுருக்கமானது: பணத்தைக் கட்டலாமா, கூடாதா?

கூடுகை அதை ஒரு குழுவிடம் கொடுத்தது. குழு எழுதிக் கொண்டுவந்த குறிப்பின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். மற்றக் குடிமக்களைப் போல எங்களுக்கும் விதிக்கப்படும் பொது வரிகளைக் கட்டிவருகிறோம். ஆனால் இந்த வரி எங்கள் நம்பிக்கைக்காகவே எங்கள்மீது விதிக்கப்பட்டது, சமய உரிமைக்கு வைக்கப்பட்ட விலை. ஆகவே மனச்சாட்சிப்படி எங்களால் கட்ட முடியாது. எங்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று நினைத்த கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறோம். இங்கே முடிந்திருந்தால் இது ஒரு நல்ல தீர்மானம், அவ்வளவுதான். இதற்கு மேலும் சில வரிகள் இருந்தன. பிள்ளைமேல் உள்ள பாசத்தால் பணம் கட்டிவிட்ட பெற்றோரையும், படைமுகாமின் கொடுமைக்குப் பயந்து இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்ட இளைஞர்களையும், அவரவர் மாதக் கூடுகைகள் மென்மையாக நடத்த வேண்டும்.

மென்மையாக. ஓர் அமைப்பின் அலுவல் ஏட்டில் இந்தச் சொல்லை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? நான் பல சங்கங்களில் செயற்குழு உறுப்பினனாக இருந்திருக்கிறேன். தீர்மானப் புத்தகங்களில் 'வன்மையாக' என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். வெளியே கல்யாணம் செய்தவனைப் பேரேட்டிலிருந்து நீக்கிய சபை இது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். சாதாரண காலத்தில் இரும்பாக இருந்தவர்கள், துப்பாக்கி வாசலுக்கு வந்தபோது இளகுகிறார்கள். கொள்கையைத் தளர்த்தவில்லை, கட்ட முடியாது என்று எழுதியாயிற்று. கட்டியவனைத் தள்ளவும் இல்லை. இரண்டும் ஒரே தாளில், ஒரே மையில்.

இதைச் சமரசம் என்று சொல்லலாம், வழவழா கொழகொழா என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்டிய தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கம், கட்டமாட்டேன் என்று சொன்னதால் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட மகனின் தாய் இருக்கிறாள். ஓட்டெடுத்திருந்தால் ஒருவர் தோற்றிருப்பார். தோற்றவர் அடுத்த வாரம் வந்து மௌனத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதில் ஒரு குறையும் உண்டு. பணம் இருந்தவன்தான் இந்த மென்மையை அனுபவித்தான். 1862இல் ஒரு சிறு விவசாயிக்கு 500 டாலர் பெரும்பணம். ஆனால் தெற்கின் நாணயம் சரிந்துகொண்டே போயிற்று. 1865 தொடக்கத்தில் ஒரு தங்க டாலர் வாங்க ஐம்பது, அறுபது கூட்டமைப்பு டாலர் தேவைப்பட்டது. விடுதலையின் விலை பத்துத் தங்க டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கட்டியவர்கள் பலர். கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டில் இருந்த ஜான் கிரென்ஷா என்ற குவேக்கர் போதகர், பிடிபட்ட பையன்களுக்காகப் போர்த்துறை அலுவலகத்தின் படிகளை ஓயாமல் ஏறி இறங்கினார். அங்கே துணைச் செயலராக இருந்த ஜான் கேம்பல், முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி, அவருக்குக் காது கொடுத்தார்.

மிகவும் அடிபட்டவர்கள் புதியவர்கள். அக்டோபர் 11 அன்று யார் உறுப்பினரோ அவருக்கே விலக்கு என்றது சட்டம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கட்டும் வழியும் இல்லை. உயிர் பிழைக்கத்தான் குவேக்கர் ஆனார்கள் என்று ஊர் சிரித்தது. அப்படிச் சிலர் இருந்திருக்கவும் கூடும். ஆனால் மார்ல்பரோ கூடுகையில் சேர்ந்த சேத் லாஃப்லின் உயிர் பிழைக்கவில்லை. ஃபெர்னாண்டோ காட்லண்ட் 1895இல் தொகுத்து வெளியிட்ட நூல் அவர் கதையைச் சொல்கிறது. பீட்டர்ஸ்பர்க் அருகே முகாமுக்குக் கொண்டுபோய், துப்பாக்கி எடு என்றார்கள். மறுத்தார். 36 மணி நேரம் தூங்கவிடாமல், கண் சொக்கும்போதெல்லாம் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். கட்டைவிரலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கடைசியில் சுட்டுக் கொல்லத் தீர்ப்பாயிற்று. வரிசையாக நின்ற சிப்பாய்களுக்காக அவர் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள, அவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்கள் என்கிறது நூல். தண்டனை சிறையாக மாறியது. ரிச்மண்ட் மருத்துவமனையில் நோயில் இறந்தார். வீட்டில் மனைவியும் ஏழு பிள்ளைகளும்.

காட்லண்ட் முப்பது வருஷம் கழித்துக் கேட்டு எழுதியவர், புனிதர் வரலாறு எழுதும் கை அவருடையது. துப்பாக்கி தாழ்ந்த காட்சி அப்படியே நடந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தூங்கவிடாத அந்த 36 மணி நேரத்தை நான் நம்புகிறேன். கதை கட்டுகிறவன் இன்னும் பெரிதாகக் கட்டியிருப்பான்.

இப்படி ஒவ்வொருவர் பட்டதையும் கூடுகைகள் எழுதிவைத்தன. குவேக்கர் நிர்வாகத்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதைப் 'பாடுகளுக்கான கூடுகை' என்றுதான் தமிழில் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் நம் கிறித்தவர்கள் சொல்லும் அதே 'பாடுகள்'. அந்த ஏடுகளில் கண்ணீர் இருக்காது. பறிமுதலான மாடு, எடுத்துச் சென்ற சோளம், அதன் மதிப்பு இவ்வளவு. மளிகைக் கடைச் சிட்டை போல இருக்கும்.

நியூ கார்டனைச் சுற்றிய அந்த வட்டாரத்துக்கே 'குவேக்கர் வட்டாரம்' என்று பெயர். குவேக்கர் அல்லாத ஏழை விவசாயிகளும் படையிலிருந்து தப்பிக் காடுகளில் ஒளிந்திருந்தார்கள். அவர்களைப் பிடிக்க ஊர்க்காவல் படை வந்தது. கணவன் எங்கே என்று கேட்டு ஒரு பெண்ணின் விரல்களை வேலிக் கட்டைக்கு அடியில் வைத்து நசுக்கினார்கள். அவள் குவேக்கர் இல்லை. ஒரு சட்ட அலுவலர் ஆளுநருக்கு அதை எழுதினார், அதனால் நமக்குத் தெரிகிறது.

வடக்கே வேறு விதமான சிக்கல். அங்கே போர் அடிமை முறையை ஒழிக்கும் போராக மாறிவிட்டது. குவேக்கர்கள் நூறாண்டாகக் கேட்டது துப்பாக்கி வழியாக வந்துகொண்டிருக்கிறது. இந்தியானாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவேக்கர்கள் படையில் சேர்ந்தார்கள். வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தெற்கே ஒன்றுவிட்ட அண்ணன் துப்பாக்கி எடுக்க மறுத்துச் சிறையில் இருக்க, வடக்கே தம்பி சீருடையில் இருந்தான். இரண்டு பேருமே பாட்டியின் கூடுகை வீட்டில் மௌனம் பழகியவர்கள். போர் முடிந்து திரும்பியபோது, செய்தது தவறு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடு என்று சில கூடுகைகள் கேட்டன. பல கூடுகைகள் பேச்சே எடுக்கவில்லை. பேச்சு எடுக்காமல் விடுவது குவேக்கர்களுக்குக் கைவந்த கலை.

வடக்கிலும் மறுத்தவர்கள் உண்டு. வெர்மாண்ட் மாநிலத்துக் குவேக்கர் சைரஸ் பிரிங்கிள், 25 வயது, 1863 ஜூலையில் படைக்கு எடுக்கப்பட்டார். 300 டாலர் கட்டினால் போகலாம். அவர் கட்டவில்லை. ஓர் 'அங்கிள்' கட்ட முன்வந்தார், அதையும் தடுத்துவிட்டார். அவர் மாமாவா சித்தப்பாவா பெரியப்பாவா என்று ஆங்கிலத்தில் தெரியாது, பாசம் மட்டும் தெரிகிறது. நியூ கார்டன் குறிப்பு எந்தப் பெற்றோரை நினைத்து எழுதப்பட்டதோ, அந்தப் பாசம். அக்டோபரில் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் அவரைக் கை காலை விரித்துத் தரையில் முளையடித்துக் கட்டிப்போட்டார்கள். நவம்பரில் குடியரசுத் தலைவர் லிங்கன் தலையிட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிறகு அவர் தாவரவியல் பக்கம் போய், மெக்சிகோ முழுக்க அலைந்து செடி கொடி சேகரித்து உலகப் புகழ் பெற்றார். அவருடைய போர்க்கால நாட்குறிப்பு 1913இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

லிங்கனுக்கே குவேக்கர்களின் இந்தச் சிக்கல் புரிந்திருந்தது. 1862 அக்டோபரில் ஒரு ஞாயிறன்று எலைசா கர்னி என்ற குவேக்கர் அம்மையார் மூன்று பேரோடு அவரைப் பார்க்கப் போனார். சலுகை எதுவும் கேட்கவில்லை, அவருக்காக வேண்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1864 செப்டம்பர் 4 அன்று, லிங்கன் அவருக்குக் கடிதம் எழுதினார். போரும் வேண்டாம், அடக்குமுறையும் வேண்டாம் என்கிறீர்கள், அடக்குமுறையைப் போரால் மட்டுமே எதிர்க்க முடியும் என்ற நிலையில் உங்கள் பாடு கஷ்டம்தான் என்பது அதன் கருத்து. கேலியாக எழுதியதல்ல. அந்தக் கேள்விக்குக் குவேக்கர்களிடம் பதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. என்னிடமும் இல்லை.

நான் வாசித்த அளவில், குவேக்கர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் லாஃப்லினையும் பிரிங்கிளையும் தேடிப் போகிறார்கள். தியாகம் கண்ணைப் பறிக்கும். எனக்கு நியூ கார்டனின் அந்தப் பெஞ்சுகள்தான் முக்கியம். முகாமில் தனியாக நின்றவனுக்குப் பின்னால், வாரம் இரண்டு முறை ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் இருந்தது. கட்டியவனும் கட்டாதவனும், உப்பளத்துக்குப் போனவனும், காட்டில் மகன் ஒளிந்திருப்பதை யாரிடமும் சொல்லாத தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யார் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

1865 ஏப்ரலில் தெற்கின் தளபதி ஜான்ஸ்டனின் தோற்ற படை, கிரீன்ஸ்பரோ பக்கத்துக் குவேக்கர் ஊர்களுக்கு நடுவேதான் வந்து கலைந்தது. ஏப்ரல் 26இல் சரணடைவு. வேலிக் கட்டைகளெல்லாம் விறகாகிப் போயிருந்தன. கலப்பை இழுக்கக் குதிரை இல்லை. மறுபடி எல்லோரும் இந்தியானா பேச்சைத் தொடங்கினார்கள். பால்டிமோர் நகரத்து வணிகர் ஃபிரான்சிஸ் கிங் வந்து பார்த்துவிட்டு, இவர்கள் போனால் நூறாண்டுக் கூடுகைகள் ஒன்றும் மிஞ்சாது என்று, பால்டிமோர் நண்பர்களைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். பள்ளிகள் முதலில். சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேல். பிறகு அதே மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மாதிரிப் பண்ணை. களைத்துப்போன செம்மண்ணில் க்ளோவர் விதைத்து, எலும்புத் தூள் போட்டு, அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மாட்டுத் தீவனம் இடுப்பளவு வளர்வதைப் பார்க்க, வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெட்டிகளை அவிழ்த்தார்கள்.